பிக்அப் ட்ரக்கும் அதன் உரிமையாளர்களும்

பிக்அப் ட்ரக் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் மேல்மூடி இல்லாத சுமைப் பெட்டியும் கொண்ட சிறிய சுமைவண்டி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விவசாயியின் வண்டியாகத் தொடங்கி, தச்சர், குழாய் பொருத்துபவர், மாடு வளர்ப்பவர், அலுவலகம் செல்பவர் என எல்லோருக்குமான வண்டியாக வளர்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை பிக்அப்கள் 1977 முதல் அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் ட்ரக் வரிசையாக இருந்து வருகின்றன. தமிழ்நாட்டில் 2005-க்குப் பின் பரவிய, மக்கள் 'குட்டியானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் தோற்றத்தில் இதற்கு உறவுபோலத் தெரியும். ஆனால் அது வாடகைச் சுமைக்கான வண்டி. அமெரிக்க பிக்அப் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சொந்த வண்டி. அதில்தான் வேலைக்கும் போவார்கள், திருமணத்துக்கும் போவார்கள்.

இவ்வண்டியின் வரலாறு பொதுவாகத் தொழிற்சாலைகளின் பக்கமிருந்தே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த மாதிரி வந்தது, எஞ்சினின் திறன் எவ்வளவு என்ற பட்டியலாக அது அமைந்துவிடும். வண்டியை வாங்கி ஓட்டியவர்களின் பக்கமிருந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பிக்அப்பை நிறுவனங்கள் பாதிதான் செய்து தந்தன. மீதியை வாங்கியவர் செய்துகொண்டார். டயரை மாற்றியவர், கூடு போட்டவர், ஸ்பிரிங் சேர்த்தவர் அவர். எனவே கோளாறை முதலில் கண்டவரும் அவர்தான். ஆனால் ஓர் ஊரில் ஒருவர் கண்டது அடுத்த ஊர்க்காரருக்குத் தெரிவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தத் தாமதத்தில் உயிர்களும் போயின.

பாதி வண்டி

ஃபோர்டு மாடல் டி 1908 அக்டோபரில் வெளிவந்தது. அது பயணிகள் கார். விவசாயிகள் அதன் பின்பகுதியை அறுத்தெடுத்து மரப்பெட்டி பொருத்தி, பால் கேன்களும் தீவன மூட்டைகளும் ஏற்றினர். ஒஹையோ மாநிலத்தின் கேலியன் ஊரில் இருந்த ஒரு நிறுவனம் 1913 அளவில் மாடல் டி அடிச்சட்டத்தில் பொருத்துவதற்கான இரும்புப் பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. 1917-இல் ஃபோர்டு தானே ஒரு டன் சுமைக்கான மாடல் டிடி என்ற ட்ரக்கை வெளியிட்டது. அதுவும் எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் மட்டும்தான். விலை 600 டாலர். ஓட்டுநர் அறையையும் சுமைப் பெட்டியையும் வாங்கியவர் வேறிடத்தில் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

சுமைப் பெட்டியோடு முழுதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஃபோர்டு பிக்அப் 1925 ஏப்ரலில்தான் விற்பனைக்கு வந்தது. விலை 281 டாலர். பெட்டியின் நீளம் 56 அங்குலம். பின்கதவைச் சாய்த்துக்கொள்ளலாம், பக்கங்களில் கம்பு நட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளத் துளைகள் இருந்தன, பின்பக்க ஸ்பிரிங் தடிமனாக்கப்பட்டிருந்தது. இவை அனைத்தும் விவசாயிகள் ஏற்கெனவே தம் பட்டறைகளில் செய்து பார்த்தவை. முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 34 ஆயிரம் வண்டிகள் விற்றன.

மாடல் டி உரிமையாளர்களின் அனுபவ அறிவு தனியாகச் சொல்லத்தக்கது. அந்த வண்டியில் பெட்ரோல் அளவுகாட்டி கிடையாது. இருக்கையைத் தூக்கி, டாங்கில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்பும் கிடையாது. பெட்ரோல் தன் எடையால் எஞ்சினுக்கு இறங்க வேண்டும். எனவே டாங்கில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தில் முன்னோக்கி ஏறினால் வண்டி நின்றுவிடும். திருப்பிப் பின்னோக்கி ஏறினால் போய்விடும். கைப்பிடி சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது தீப்பொறி நெம்புகோலைச் சரியான இடத்தில் வைக்க மறந்தால், கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். இவற்றையெல்லாம் மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் கற்றார்கள். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தவர்களும் தானியம் அரைத்தவர்களும் உண்டு. அதே வண்டியை ஏர் இழுக்கும் டிராக்டராக மாற்றும் உபகரணத் தொகுப்புகள் கடைகளில் கிடைத்தன. சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல் விற்பனைப் பட்டியலில் மாடல் டி துணைப்பொருள்கள் பக்கம் பக்கமாக வந்தன.

டயர்தான் அக்காலத்தின் பெருந்தொல்லை. தொடக்ககால மாடல் டியில் முன்சக்கர டயரின் அகலம் 3 அங்குலம், பின்சக்கரத்துக்கு மூன்றரை அங்குலம். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற இயலாது. சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரை ரிம்மிலிருந்து நெம்பியெடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி கைப்பம்பால் ஏறக்குறைய 60 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடிக்க வேண்டும். கழற்றி மாட்டும் ரிம் 1919-இல் விருப்பத்தேர்வாக வந்தது. 1923-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன் டயர்' என்ற அகன்ற, குறைந்த அழுத்த டயரை அறிமுகம் செய்தது. இந்த ஃபயர்ஸ்டோன், 1906 முதல் ஃபோர்டுக்கு டயர் கொடுத்து வந்த நிறுவனம். இரு நிறுவனர்களும் நண்பர்கள். 1947-இல் ஃபோர்டின் பேரனும் ஃபயர்ஸ்டோனின் பேத்தியும் மணந்துகொண்டு இரு குடும்பங்களும் சம்பந்திகள் ஆயின. இந்த உறவு பின்னர் எப்படி முறிந்தது என்பது கீழே வருகிறது.

ஞாயிறு கோயில், திங்கள் சந்தை

ஆஸ்திரேலியாவில் இதே வண்டி வேறு வழியில் பிறந்தது. 1930-களின் தொடக்கத்தில் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி, அங்கிருந்த ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் உதவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அக்காலத்து வங்கிகள் விவசாயிகளுக்கு ட்ரக் வாங்கக் கடன் தரும். சொகுசான கார் வாங்கத் தராது என்பதும் அந்தக் கோரிக்கையின் பின்னணி. ஜீலாங் ஆலையில் பணியாற்றிய இளம் வடிவமைப்பாளர் லூயிஸ் பேண்ட், கார் போன்ற முன்பகுதியும் அதனோடு இடைவெளியின்றி இணைந்த சுமைப் பெட்டியும் கொண்ட வண்டியை வரைந்தார். 1934-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியர்கள் இன்றும் 'யூட்' என்று அழைப்பது இதைத்தான். உரிமையாளரின் ஒரு கடிதம் நேராக வரைபலகைக்குப் போய்ச் சேர்ந்த அரிய நிகழ்வு இது. பெரும்பாலான கடிதங்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

துணைக்கருவிகள் தொழிலான கதை

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் ஜீப்பையும் நான்கு சக்கர விசை கொண்ட இராணுவ ட்ரக்கையும் ஓட்டிப் பழகியிருந்தார்கள். ஊரில் கிடைத்த பிக்அப்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை. டாட்ஜ் நிறுவனம் தன் இராணுவ வண்டியை 1946-இல் 'பவர் வேகன்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றது. ஃபோர்டு, ஷெவர்லே வாங்கியவர்கள் மினியாபொலிஸ் நகரத்தின் நாப்கோ நிறுவனம் செய்த மாற்று உபகரணத்தை வாங்கிப் பொருத்திக்கொண்டனர். அதற்கு வரவேற்பு பெருகியதால் 1957-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நாப்கோ கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கத் தொடங்கியது. ஃபோர்டு 1959-இல் தன் சொந்த நான்கு சக்கர விசை அமைப்பைக் கொண்டுவந்தது. வெளியில் விற்ற துணைக்கருவி, சில ஆண்டுகளில் நிறுவனத்தின் சொந்தச் சரக்காக மாறும் இந்த வழக்கம் பிறகு பலமுறை திரும்ப நிகழ்ந்தது. இழுவைக் கொக்கி, பெட்டி மூடி, பக்கவாட்டுப் படி ஆகியவை அனைத்தும் இப்படி வந்தவை.

முன்சக்கரங்களுக்கும் விசை போனால் சாதாரணச் சாலையில் பெட்ரோல் வீணாகும், பல்சக்கரங்கள் தேயும். தேவைப்படாதபோது முன்சக்கரத்தை விசையிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஒன்றை ஆர்தர் வார்ன் என்பவர் 1948-இல் ஜீப்களுக்காகச் செய்து விற்கத் தொடங்கினார். சேற்றில் சிக்கிய வண்டியைத் தானே இழுத்துக்கொள்ள உதவும் மின் வின்ச்சையும் பின்னாளில் அவருடைய நிறுவனமே பரப்பியது.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியில் பாப் சாண்ட்லர் என்பவர் 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 ஒன்றை வைத்திருந்தார். அதைக் காட்டிலும் மேட்டிலும் முரட்டுத்தனமாக ஓட்டுவார், அடிக்கடி உடையும். உடைந்த உறுப்புக்கு மாற்று கிடைக்கும் கடை அருகில் இல்லாததால் அவரே ஒரு கடை வைத்தார். பெரிய டயர் போட்டார், அச்சு முறிந்தது. வலுவான இராணுவ அச்சு போட்டார். அதற்கேற்ப இன்னும் பெரிய டயர் போட்டார். 1981-இல் அந்த வண்டி பழைய கார்களின்மேல் ஏறி நசுக்கியது. 'பிக்ஃபுட்' என்ற அந்த வண்டியிலிருந்தே 'மான்ஸ்டர் ட்ரக்' என்னும் கேளிக்கை பிறந்தது. டயரைப் பெரிதாக்கினால் அடுத்து எது உடையும் என்பதை நாட்டுக்கே காட்டிய பாடம் என்று இதைக் கொள்ளலாம்.

இதற்கிடையில் வரிச் சட்டமொன்று பாதி வண்டியை மறுபடியும் உயிர்ப்பித்தது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, அமெரிக்கா இறக்குமதியாகும் இலகு ட்ரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. 1964 முதல் நடைமுறையில் உள்ள இதற்குக் 'கோழி வரி' என்றே பெயர். சுமைப் பெட்டி இல்லாத வண்டிக்கு அக்காலத்தில் வரி 4 விழுக்காடு மட்டுமே. எனவே 1970-களில் ஜப்பானிய பிக்அப்கள் பெட்டியின்றிக் கப்பலில் வந்து இறங்கின. டொயோட்டா வண்டிகளுக்கான பெட்டிகள் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் செய்யப்பட்டன. 1980-இல் இந்த வழி அடைக்கப்பட்டது.

டயர்: காற்றும் சுமையும் வெப்பமும்

பிக்அப் உரிமையாளருக்குக் கார் உரிமையாளருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. காரின் எடை பெரிதாக மாறாது. பிக்அப்போ காலையில் வெறும் பெட்டியோடு போய், மாலையில் அரை டன் செங்கல்லோடு திரும்பும். வெறுமையாக இருக்கும்போது பின்பகுதி எடையற்றுக் கிடப்பதால் மழையிலும் பனியிலும் பின்சக்கரம் வழுக்கும். குளிர்மாநிலங்களில் பின்அச்சுக்கு நேர்மேலே மணல் மூட்டைகளைப் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். சுமை ஏற்றினால் அதே டயரில் காற்று போதாது. சுமைக்கு ஏற்றபடி காற்று நிரப்பினால், வெறுமையாக ஓடும்போது வண்டி குதிக்கும். எல்லா உரிமையாளரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கைத் தாமே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

டயரிலும் இரண்டு இனம் உண்டு. பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது பயணிகள் கார் டயர். 'எல்டி' என்றிருந்தால் இலகு ட்ரக் டயர். எல்டி டயரில் சி, டி, இ என்ற சுமைப் பிரிவுகள் உள்ளன. அவற்றின் உச்சக் காற்றழுத்தம் பொதுவாக முறையே 50, 65, 80 பவுண்டு. கார் டயரை பிக்அப்பில் மாட்டலாம். ஆனால் அதில் அச்சிட்டுள்ள சுமைத்திறனை 1.10-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பி235/75ஆர்15 என்ற அளவுள்ள டயரில் 2,028 பவுண்டு என்று போட்டிருந்தால் பிக்அப்பில் அது 1,844 பவுண்டு மட்டுமே தாங்கும். இந்த வகுத்தல் கணக்கு டயரில் எழுதப்பட்டிருப்பதில்லை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதாலும் விலை குறைவு என்பதாலும் எல்டிக்குப் பதில் பி மாட்டியவர்கள் பலர்.

எஃகுப் பட்டை கொண்ட ரேடியல் டயர் 1970-களில் அமெரிக்காவில் பரவியது. பழைய வகையைவிட நெடுநாள் உழைத்தது. ஆனால் அதற்குரிய ஒரு நோயும் இருந்தது. டயரினுள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எஃகுப் பட்டைகள் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்கலால் வெப்பம் கூடும். சுமையும் வேகமும் கோடை வெயிலும் சேர்ந்தால் பட்டையின் விளிம்பில் நுண்ணிய விரிசல் தொடங்கி உள்ளே பரவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் மேல்பட்டையும் தரைதொடும் ரப்பரும் பாம்புச் சட்டைபோல் உரிந்து போகும். ஃபயர்ஸ்டோனின் '500' என்ற ரேடியல் டயரில் இப்படிப் பட்டை பிரிவது பெருமளவில் நேர்ந்து, 1978-இல் 1.4 கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த அடியிலிருந்து நிறுவனம் முழுதாக எழவில்லை. 1988-இல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் அதை விலைக்கு வாங்கியது.

அடுத்தது 2000-ஆம் ஆண்டு நிகழ்வு. ஃபோர்டு ரேஞ்சர் என்ற சிறிய பிக்அப்பின் அடிப்படையில் மூடிய உடலோடு செய்யப்பட்ட 'எக்ஸ்ப்ளோரர்' வண்டி 1990-இல் விற்பனைக்கு வந்தது. பிக்அப் அடிச்சட்டத்தில் குடும்பம் பயணம் செய்யும் உயரமான வண்டி அது. ரேஞ்சர் பிக்அப்புக்கும் எக்ஸ்ப்ளோரருக்கும் ஃபயர்ஸ்டோனின் ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி டயர்கள் போடப்பட்டன. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. குறைந்த காற்று பயணத்தை மென்மையாக்கியது. ஆனால் 26 என்பது ஏற்கெனவே கீழ்வரம்பு. கவனிக்காமல் விட்டு இன்னும் நான்கைந்து பவுண்டு இறங்கினால் டயர் சூடேறும் எல்லைக்குப் போய்விடும். பின்டயரின் மேல்பட்டை உரிந்ததும் வண்டி ஒருபுறம் இழுக்கும். ஓட்டுநர் பதறிப் பிரேக்கை மிதிப்பார் அல்லது ஸ்டியரிங்கைத் திருப்புவார். உயரமான வண்டி கவிழும்.

இது திடீரென்று வெளிப்பட்ட செய்தி அன்று. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், தம்மிடம் வந்த இழப்பீட்டு மனுக்களில் இந்த டயர் சார்ந்த 21 நிகழ்வுகளைக் கண்டு 1998-இலேயே தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு எழுதினார். நடவடிக்கை இல்லை. சவுதி அரேபியாவின் வெயிலில் இதே கோளாறு தோன்றியபோது ஃபோர்டு 1999-இல் அங்கு டயர்களை மாற்றிக் கொடுத்தது. வெளிநாட்டில் செய்ததை அமெரிக்க அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகள் தனித்தனியே சமரசமாகி, ஆவணங்கள் இரகசியமாக மூடப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கு மட்டுமே நேர்ந்த துயரம் என்று நினைத்திருந்தது. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமான கேஎச்ஓயூ இந்த விபத்துகளை ஒன்றுசேர்த்துக் காட்டியது. ஒளிபரப்புக்குப் பிறகு நிலையத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் மக்களின் புகார்கள் வந்து குவிந்தன. மே மாதம் அரசு விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் திரும்பப் பெறுதலை அறிவித்தது. ஓடிக்கொண்டிருந்ததாகக் கணக்கிடப்பட்ட டயர்கள் 65 லட்சம்.

அதன்பின் உரிமையாளர்கள் பட்ட பாடும் பதிவாக வேண்டியது. டயர்கள் போதாததால், வெப்பம் மிகுந்த அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களுக்கு முதலில் என்றும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். காத்திருக்கும் வரை எந்த டயரில் ஓட்டுவது? எதிர்ப்பு கிளம்பியதும் பிற நிறுவன டயர்களை வாங்கிக்கொண்டால் பணம் தரப்படும் என்றார்கள். இலினாய் மாநில டிகேட்டர் ஆலையில் செய்த வில்டர்னஸ் டயர்களே முதலில் பட்டியலில் இருந்தன. அதை அறிய, பக்கச்சுவரில் உள்ள அடையாள எண் விடிஎச்எல் என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே முழுமையாக அச்சிடப்படும். பல வண்டிகளில் அந்தப் பக்கம் உட்புறமாக இருந்தது. மக்கள் கையில் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துத் தங்கள் டயரின் ஊரைத் தேடினார்கள்.

டிகேட்டர் ஆலையில் 1994 முதல் 1996 வரை நீண்ட தொழிலாளர் மோதல் நடந்தது. அந்தக் காலத்தில் மாற்று ஆள்களைக் கொண்டு டயர்கள் செய்யப்பட்டன. பொருளியல் அறிஞர்கள் ஆலன் க்ரூகர், அலெக்சாண்டர் மாஸ் இருவரும் பின்னர் வெளியிட்ட ஆய்வில், தொழிலாளர் மோதல் நிலவிய காலத்தில் அந்த ஆலையில் செய்யப்பட்ட டயர்கள் கூடுதலாகப் பழுதுபட்டதைக் காட்டினர். ஃபோர்டு டயரைக் குறை கூறியது. ஃபயர்ஸ்டோன் வண்டியின் கவிழும் தன்மையையும் குறைந்த காற்றழுத்தத்தையும் குறை கூறியது. இரண்டிலும் உண்மை இருந்தது என்றே சான்றுகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது. 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் ஃபோர்டுடன் இருந்த ஏறத்தாழ நூறாண்டு வணிக உறவை முறித்துக்கொண்டது. மறுநாளே ஃபோர்டு மேலும் 1.3 கோடி டயர்களை மாற்றுவதாக அறிவித்தது. டிகேட்டர் ஆலை அவ்வாண்டின் இறுதியில் மூடப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் இந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட இறப்புகள் 271.

2000 நவம்பர் 1 அன்று 'ட்ரெட்' சட்டம் கையெழுத்தானது. வெளிநாட்டில் செய்யும் திரும்பப் பெறுதல்கள், இறப்பு மற்றும் காயம் பற்றிய கோரிக்கைகள், உரிமையாளர் புகார்கள் ஆகியவற்றை நிறுவனங்கள் தொடர்ந்து அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றானது. அச்சட்டத்தின் வழியே வந்த விதிகளால் டயரின் முழு அடையாள எண் வெளிப்புறம் தெரியும் பக்கச்சுவரில் இருக்க வேண்டும் என்றும் ஆனது. காற்று 25 விழுக்காடு குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் விளக்கு, 2007 செப்டம்பர் முதல் செய்யப்படும் எல்லா இலகு வண்டிகளிலும் கட்டாயமானது. இன்று பிக்அப் உரிமையாளர்கள் பலருக்குக் குளிர்காலக் காலையில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு ஓர் எரிச்சல். அது எப்படி வந்தது என்று அறிந்தவர்கள் குறைவு.

மரையும் துருவும்

எஞ்சின் கோளாறுகளில் ஃபோர்டின் 5.4 லிட்டர் 'ட்ரைட்டன்' எஞ்சின் பெயர் பெற்றது. அதன் முதல் வகையில் ஸ்பார்க் பிளக்கைப் பிடிக்கும் மரைச் சுற்றுகள் மிகக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறித்து வெளிவரும். 2004-இல் எஃப்-150 வண்டிக்கு வந்த மூன்று வால்வு வகையில் நேர்மாறான தொல்லை. இரண்டு துண்டாகச் செய்த பிளக்கின் கீழ்ப்பகுதி கரிபடிந்து ஒட்டிக்கொள்ளும்; கழற்றும்போது முறிந்து உள்ளேயே நின்றுவிடும். சாதாரணப் பராமரிப்பு வேலை, எஞ்சின் தலையையே கழற்றும் செலவாக மாறியது. முறிந்த துண்டை எடுப்பதற்கென்றே ஒரு தனிக் கருவி சந்தைக்கு வந்து நன்றாக விற்றது. கார்பன் கரைப்பானை ஊற்றி ஊறவைத்து மெதுவாகத் திருகும் முறையை ஃபோர்டு தன் பட்டறைகளுக்குக் குறிப்பாக அனுப்பியது.

துருவின் கதை இதைவிடப் பெரியது. பனி பெய்யும் மாநிலங்களில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் அடிச்சட்டத்தின் குழல்களுக்குள் புகுந்து தங்கும். டொயோட்டா டகோமா பிக்அப் எஞ்சினுக்குப் பெயர் போனது; இரண்டு லட்சம் மைல் ஓடியும் சளைக்காத எஞ்சினைச் சுமந்த அடிச்சட்டமோ உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது. உரிமையாளர்கள் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பார்க்கப் பழகினர். கணீரென்ற ஒலி வந்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ சுத்தியல் உள்ளே போனாலோ வண்டியின் ஆயுள் முடிந்தது. 2008-இல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களுக்கு அடிச்சட்ட உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மிகவும் அரித்தவற்றைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு வரை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. எட்டு வயதான வண்டியை வாங்கிய விலைக்கு நெருக்கமான தொகைக்கு விற்ற மகிழ்ச்சி சிலருக்குக் கிடைத்தது. 2009-இல் பழைய டண்ட்ரா வண்டிகளில் துருவால் ஸ்டெப்னி டயரே கழன்று சாலையில் விழக்கூடும் என்று கண்டு அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். 2016-இல் ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைச் சார்ந்த வழக்கில், 340 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்ட சமரசத்துக்கு டொயோட்டா உடன்பட்டது. தவறு தன்னுடையது என்று ஒப்பவில்லை. 1998-இல் 21 மனுக்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததோடு இதை ஒப்பிட்டால், புகார்கள் ஒன்றுசேரும் வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது விளங்கும்.

மாட்டிக்கொண்டது தரும் ஆபத்து

எல்லாப் பிழையையும் நிறுவனங்களின்மேல் சுமத்த இயலாது. வாங்கியவர் தாமே மாட்டிக்கொண்டவையும் தொல்லை தந்தன. வண்டியை உயர்த்தும் 'லிஃப்ட்' உபகரணமும் பெரிய டயரும் மிகுதியாக விற்கும் துணைப்பொருள்கள். டயரின் விட்டம் 10 விழுக்காடு கூடினால் வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66 மைல் வேகத்தில் ஓடும். பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஒரே தண்டாலான முன்அச்சு கொண்ட வண்டிகளில், ஒரு குழியைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் ஆடும். இதற்கு உரிமையாளர்கள் இட்ட பெயர் 'மரண நடுக்கம்'. ஸ்டியரிங் அதிர்வுத் தாங்கியை மாற்றினால் சில வாரம் அடங்கும். தேய்ந்த இணைப்புத் தண்டின் புஷ்ஷையோ பால் ஜாயின்டையோ மாற்றாதவரை திரும்ப வரும். முன்பகுதியை மட்டும் உயர்த்திப் பின்பகுதியைத் தாழ்த்தும் 'கரோலினா குந்தல்' என்ற பாணியில் ஓட்டுநருக்கு முன்னால் நடந்து செல்பவரே தெரியமாட்டார். வடக்குக் கரோலினா 2021-இல் இதைச் சட்டத்தால் தடை செய்தது.

இழுவைத்திறன் குறித்த விளம்பரங்களும் நெடுங்காலம் உரிமையாளரைக் குழப்பின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. ஜே2807 என்ற பொது அளவுமுறையை முதலில் ஏற்றது 2011 மாதிரி டொயோட்டா டண்ட்ரா. ஏற்றதும் அதன் அறிவிக்கப்பட்ட இழுவைத்திறன் குறைந்தது. மற்ற நிறுவனங்கள் பின்தொடரச் சில ஆண்டுகள் ஆயின.

சாதாரணமாகத் தோன்றும் துணைப்பொருளிலும் எதிர்பாராத ஆபத்து இருந்தது. சுமைப் பெட்டியின் பெயின்ட் கீறாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க, 1980-களிலிருந்து பலர் பெட்டியின் அளவுக்கு வார்த்த பிளாஸ்டிக் விரிப்பை உள்ளே பதித்துக்கொண்டனர். மிகப் பயனுள்ள பொருள்தான். புல்வெட்டும் இயந்திரத்துக்காகப் பெட்ரோல் வாங்கப் போகிறவர் கேனைப் பெட்டியிலேயே வைத்து நிரப்புவார். வெற்று இரும்புப் பெட்டியில் வைத்த உலோகக் கேனில் நிலைமின்சாரம் தங்காது; வண்டியின் உடல் வழியே போய்விடும். பிளாஸ்டிக் விரிப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. பெட்ரோல் பாயும்போது கேனில் சேரும் மின்னூட்டம் பம்பின் முனைக்குத் தாவிப் பொறி பறந்து, பலர் தீக்காயம் அடைந்தனர். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் 1998-இல் இதற்கென ஓர் எச்சரிக்கைத் தாளை வெளியிட்டது. கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பம்பின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க மெதுவாக நிரப்ப வேண்டும் என்பது அதன் அறிவுரை. அந்நாட்டுப் பெட்ரோல் நிலையங்களில், பிக்அப் பெட்டிக்குள் வைத்துக் கேனை நிரப்பாதீர் என்ற அறிவிப்பு இன்றும் பம்பின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.